நகரப் பேருந்துக்கு ஓட்டுநர் எங்கிருந்து வருவார்? மூன்று வழிகளின் ஒப்பீடு

வண்டி நல்ல நிலையில் நிற்கிறது. எரிபொருள் நிரப்பியாகிவிட்டது. நிறுத்தத்தில் பயணிகள் காத்திருக்கிறார்கள். ஓட்ட ஆள் இல்லை, அதனால் ட்ரிப் ரத்து. இன்று உலகின் பல நகரங்களில் பேருந்து நிறுவனங்கள் படும் பாடு இதுதான். வண்டி வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது, அதை ஓட்ட ஆள்தான் கிடைப்பதில்லை.

இப்படி ஒரு நிலை வந்ததும் நிர்வாகத்தின் மேஜைக்குப் பெரும்பாலும் மூன்று யோசனைகள் வரும். விளம்பரம் கொடுத்து, கனரக வாகன லைசென்ஸும் அனுபவமும் உள்ளவர்களை எடுப்பது ஒன்று. லைசென்ஸ் இல்லாதவர்களை எடுத்து நிறுவனத்தின் செலவிலேயே பழக்குவது இன்னொன்று. வழித்தடத்தையோ ஓட்டும் வேலையையோ ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவது மூன்றாவது. ஒரு நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கலாம், எந்தச் சூழலில் எது சரி என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாமே பழக்கும் வழிதான் முதுகெலும்பாக இருக்க வேண்டும். தயாரான ஆளை எடுப்பது அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஒப்பந்தத்தைக் கடுமையான நிபந்தனைகளோடு மட்டுமே தொடலாம். ஆனால் யார் எந்த நேரத்தில் ஓட்டுவது என்று சொல்லும் டியூட்டி சார்ட்டைச் சரிசெய்யாமல் இந்த மூன்றில் எதைச் செய்தாலும் அடுத்த ஆண்டு இதே கூட்டத்தை மறுபடி கூட்ட வேண்டியிருக்கும்.

உண்மையில் எத்தனை பேர் குறைகிறார்கள்?

"100 வண்டி, வண்டிக்கு மூன்று பேர், 300 பேர் போதும்" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும். ஒரு வண்டி நாளைக்கு 18 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர டியூட்டியில் வண்டியைச் சோதித்து எடுப்பது, இடைவேளை, திரும்ப ஒப்படைப்பது எல்லாம் போக, ஸ்டியரிங்கில் இருக்கும் நேரம் ஆறரை மணி. அப்படியானால் அந்த வண்டிக்கு நாளொன்றுக்கு 2.77 டியூட்டி வேண்டும்.

அப்புறம், ஒருவர் ஆண்டில் 365 நாளும் வரமாட்டார். வார ஓய்வு 52 நாள், விடுப்பும் பண்டிகை விடுமுறையும் 30, உடல்நலக் குறைவு 10, பயிற்சி 5 என்று கழித்தால் மிஞ்சுவது 268 நாள். 365ஐ 268ஆல் வகுத்தால் 1.36. இரண்டையும் பெருக்கினால் வண்டிக்கு 3.77 பேர், 100 வண்டிக்கு 377 பேர்.

பதிவேட்டில் 350 பேர் இருந்தால் 27 பேர் குறைகிறார்கள். அதாவது தினமும் சுமார் 20 டியூட்டிக்கு ஆள் கிடையாது. அதை எப்படிச் சமாளிப்பார்கள்? ஓவர்டைம், வார ஓய்வு ரத்து, டபுள் டியூட்டி. சில மாதம் ஓடும். பிறகு உடம்பு சொல்லும் பேச்சைக் கேட்காது. உடல்நலக் குறைவால் வராத நாள் ஆளுக்குப் பத்திலிருந்து பதினைந்தாக உயர்ந்தாலே போதும், தேவை 377இலிருந்து 384 ஆகிவிடும். ஒருவர்கூட வேலையை விடவில்லை, பற்றாக்குறை மட்டும் 27இலிருந்து 34 ஆகிவிட்டது. ஓவர்டைமை வைத்துப் பற்றாக்குறையை அடைக்கப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இந்த எண்கள் ஓர் எடுத்துக்காட்டுக்குத்தான். ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும், அதையும் டிப்போவாரியாகப் பார்க்க வேண்டும். மொத்தக் கணக்கில் ஆள் போதுமானதாகத் தெரியும். ஒரு டிப்போவில் ஆள் மிஞ்சி நிற்கும்போது இன்னொரு டிப்போவில் ட்ரிப் ரத்தாகிக்கொண்டிருக்கும்.

விட்டுப் போகிறவர் ஏன் போகிறார்?

சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்டால் எந்த அலுவலகமும் உடனே எடுத்துக் கொடுத்துவிடும். சேர்ந்தவர்களில் 12 மாதம் கழித்து எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டால்தான் கோப்பைத் தேடுவார்கள். முடிவெடுக்க உதவுவது இந்த இரண்டாவது எண்தான்.

புதிதாகச் சேர்ந்த ஓட்டுநரின் ஒரு நாளைப் பார்ப்போம். காலை 5.15க்குக் கையெழுத்து. பள்ளி, அலுவலக நெரிசல் முடிந்ததும் 9.30க்கு இறக்கம். மறுபடி மாலை 3.30க்கு ஏறி இரவு 7.45க்கு முடிவு. இதுதான் ஸ்ப்ளிட் டியூட்டி. சம்பளக் கணக்கில் எட்டரை மணி நேரம். ஆனால் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியது 4.30க்கு, திரும்பியது 8.30க்கு, ஆக 16 மணி நேரம். நடுவில் கிடைக்கும் ஆறு மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. வீடு தூரமென்றால் போய்வரவும் முடியாது. டிப்போ ஓய்வறையில் எட்டுக் கட்டில் இருக்கும், படுக்க வருகிறவர்கள் இருபது பேர். முந்தி வந்தவர் படுப்பார், மற்றவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவார். அதே கண்கள்தான் மாலை நெரிசலில் மூன்று கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

இந்த டியூட்டி ஏன் புதியவருக்கு வந்து சேர்கிறது? பல நிறுவனங்களில் பணிமூப்பு வரிசைப்படி டியூட்டியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருக்கிறது. மூத்தவர்கள் நல்ல டியூட்டிகளை எடுத்துக்கொள்வார்கள். இருபது வருடம் உழைத்து வந்த உரிமை அது, அதைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் விளைவு என்ன? ஸ்ப்ளிட், கடைசி ட்ரிப், வார இறுதியில் ஓய்வே இல்லாத சார்ட் எல்லாம் கடைசியாக வந்தவர் தலையில் விழுகின்றன. வேலையை விட்டுப்போக மிகச் சுலபமான நிலையில் இருப்பவருக்கு மிகக் கடினமான டியூட்டி.

சட்டம் இதைத் தடுக்காதா என்றால், முழுசாகத் தடுப்பதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 153ஆம் உடன்படிக்கை 1979இல் வந்தது. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஓவர்டைமும் சேர்த்து நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் ஓட்டலாம், தினமும் குறைந்தது பத்து மணி நேரம் ஓய்வு என்று அது சொல்கிறது. ஆனால் ஒரு நாடு அதை ஏற்றுக் கையெழுத்திட்டால்தான் அது அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஓட்டுநேர விதிகள் பெயர்போனவை. ஆனால் 50 கிலோமீட்டருக்கு மேற்படாத வழித்தடங்களில் ஓடும் வழக்கமான பேருந்துகளுக்கு அவற்றிலிருந்து விலக்கு உண்டு. நகரப் பேருந்துகள் பெரும்பாலும் இந்த விலக்குக்குள்தான் வரும். பிரிட்டனில் உள்நாட்டு விதிப்படி ஓட்டுநரின் வேலைநாள் முதல் கையெழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்துவரை 16 மணி நேரம்வரை நீளலாம். மேலே சொன்ன ஸ்ப்ளிட் டியூட்டி அந்த விதிப்படி சரியானது. சட்டப்படி சரியான டியூட்டியிலும் ஆள் தங்கமாட்டார் என்பதுதான் இங்கே விஷயம்.

அதனால் ஆளெடுப்புக்கு முன்பு சார்ட்டைத் திருத்த வேண்டும். முதல் ஆண்டில் இருப்பவருக்கு வாரத்துக்கு இரண்டு ஸ்ப்ளிட்டுக்கு மேல் கூடாது. இடைவேளை மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் தாண்டிய நேரத்துக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு. சார்ட் நான்கு வாரம் முன்னதாகக் கையில் கிடைக்க வேண்டும். இதற்காகக் கொஞ்சம் கூடுதல் ஆள் தேவைப்படும், அந்தச் செலவை ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன். மூத்தவர்களின் சங்கத்தோடும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். புதியவர்கள் நின்றால் தங்கள் ஓய்வு நாள் ரத்தாகாது என்பது புரிந்தால் அவர்களும் இறங்கி வருவார்கள்.

முதல் வழி: தயாரான ஆள்

வேகம்தான் இதன் பெரிய பலம். லைசென்ஸ் இருக்கிறது, கனரக வண்டி பழக்கம் இருக்கிறது, வழித்தடம் காட்டினால் சில வாரங்களில் தனியாக ஓட்டத் தொடங்குவார். 27 பேர் குறைவு என்றால் அதில் ஏழெட்டுப் பேரையாவது இந்த வழியில் உடனே நிரப்புவது புத்திசாலித்தனம். இருப்பவர்களின் ஓய்வு நாள் பிழைக்கும்.

குறையும் உண்டு. லாரி ஓட்டியவர் நல்ல ஓட்டுநராகவே இருக்கலாம், ஆனால் சிமெண்ட் மூட்டை நின்றுகொண்டு வராது. நகரப் பேருந்தில் அறுபது பேர் கம்பியைப் பிடித்து நிற்கும்போது பிரேக்கை எப்படி மிதிப்பது, முதியவர் உட்காரும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பது, சில்லறைக்கும் நிறுத்தத்துக்கும் சண்டைக்கு வருபவரிடம் குரலை உயர்த்தாமல் பேசுவது எல்லாம் தனித் திறமைகள். லைசென்ஸ் சோதனையில் இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. எனவே அனுபவம் உள்ளவருக்குப் பயிற்சி தேவையில்லை என்று நினைப்பது தப்பு, குறைவான பயிற்சி போதும் என்பதே சரி.

இன்னொன்று, இந்தக் குளத்தில் எல்லோரும் மீன்பிடிக்கிறார்கள். பக்கத்து நிறுவனத்திலிருந்து நாம் இழுக்கிறோம், சரக்கு நிறுவனம் நம்மிடமிருந்து இழுக்கிறது. சேருவதற்கு ஊக்கத்தொகை கொடுத்தால் வருவார்கள். ஆனால் பத்து வருடமாக இருப்பவருக்குக் கிடைக்காத தொகை நேற்று வந்தவருக்குக் கிடைத்தால் டிப்போவில் என்ன பேச்சு நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தொகையைச் சேரும் அன்றே மொத்தமாகக் கொடுப்பதைவிட, ஓராண்டு முடித்தவர் அனைவருக்கும், பழையவர்களையும் சேர்த்து, ஒரு தொகையாகக் கொடுப்பது மேல்.

உள்ளூரில் கிடைக்காவிட்டால் வெளியூரில், வெளிநாட்டில் தேடுவதும் இந்த வழியின் நீட்சிதான். லண்டன் நகரப் போக்குவரத்து நிறுவனமான லண்டன் டிரான்ஸ்போர்ட் 1956இல் பார்படோஸ் தீவிலேயே நேரடியாக ஆளெடுக்கத் தொடங்கியது. கப்பல் கட்டணத்துக்குப் பார்படோஸ் அரசே கடன் கொடுத்தது, அதை வேலைக்குச் சேர்ந்தபின் அவர்கள் திருப்பிக் கட்டினார்கள். லண்டன் பேருந்துகளும் நிலத்தடி ரயிலும் அந்தக் காலத்தில் ஓடியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2012 நவம்பரில் சிங்கப்பூரில் சீனாவிலிருந்து வந்த 171 பேருந்து ஓட்டுநர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அதே வேலை பார்த்த மலேசிய ஓட்டுநர்களைவிடச் சம்பளம் குறைவு, தங்குமிடம் மோசம் என்பது அவர்கள் குறை. 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். ஒரே ஸ்டியரிங்குக்கு இரண்டு சம்பளம் என்று வைத்தால் அது ஒருநாள் வெடிக்கும். வெளியிலிருந்து ஆளெடுக்கும் எந்த நிறுவனமும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டிய விதி சம வேலைக்குச் சம ஊதியம்.

இரண்டாம் வழி: நாமே பழக்குவது

இதில் முதலில் பயமுறுத்துவது காலமும் செலவும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறைப் பேருந்து ஓட்டுநராக லைசென்ஸ் மட்டும் போதாது. தொடக்கத் தகுதிக்குப் பயிற்சிவழி என்றால் 280 மணி நேரம், விரைவு வழியில் 140 மணி நேரம் வேண்டும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரப் புத்தாக்கப் பயிற்சி. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய், நகரப் போக்குவரத்துப் பணிக்கென்றே 2002இலிருந்து மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி ஒன்றை வைத்திருக்கிறது. ஓட்டுவதோடு கால அட்டவணை, பயணிகள் சேவை, பராமரிப்பு எல்லாம் அதில் உண்டு. பள்ளி முடித்த இளைஞருக்கு அது ஒரு முழுத் தொழில். வேறு வேலை கிடைக்காததால் வந்து சேரும் இடமாக ஓட்டுநர் வேலையை அவர் பார்க்கமாட்டார்.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரைப் பழக்க, உதவித்தொகையும் சேர்த்து, நான்கு மாதச் சம்பளத்துக்குச் சமமான செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேரைப் பழக்கி ஓராண்டில் நான்கு பேர் போய்விட்டால், மிஞ்சிய ஒவ்வொருவருக்கும் ஆன செலவு கிட்டத்தட்ட ஏழு மாதச் சம்பளம். ஒருவர் மட்டும் போனால் நாலரை மாதம். பயிற்சிப் பள்ளியில் சிக்கனம் பிடித்து இந்த இடைவெளியை அடைக்க முடியாது. சார்ட்டில்தான் அடைக்க முடியும்.

பயிற்சி முடித்ததும் ஓடிவிடுவார்களே என்ற பயத்தில் பல நிறுவனங்கள் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பத்திரம் எழுதி வாங்குகின்றன. நீண்ட பத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலையை வெறுத்தபடி, பத்திரத்துக்காக மட்டும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவரிடம் அறுபது பயணிகளை ஒப்படைக்கிறோம். பதினெட்டு மாதம் அல்லது இரண்டு வருடம், மாதாமாதம் தொகை குறைந்துகொண்டே வரும் பத்திரம் போதும். ஆறு மாதத்தில் போகிறவர் ஒரு நியாயமான பங்கைத் திருப்பித் தருவார், இருபது மாதத்தில் போகிறவரைக் கைகுலுக்கி அனுப்பலாம்.

பழக்குவதில் வகுப்பறையும் மைதானமும் பாதிதான். மீதி, வழித்தடத்தில் மூத்தவர் ஒருவரோடு ஓட்டும் வாரங்கள். நிறுத்தம் நெருங்கும்போது முன் சக்கரத்தை எப்போது திருப்பினால் வண்டியின் பின்பகுதியும் நடைமேடையை ஒட்டி நிற்கும் என்று அவர் கையைக் காட்டிச் சொல்வார். கதவை மூடியதும் உடனே எடுக்காதே, இடது கண்ணாடியில் கடைசிப் படியை இன்னொருதரம் பார், ஓடிவருபவர் கையை நீட்டியிருப்பார் என்பார். எந்தச் சிக்னலில் பைக்குகள் இடப்பக்கம் நுழையும், எந்தத் திருப்பத்தில் மழைநாளில் வண்டி வழுக்கும் என்பதெல்லாம் அந்த வழித்தடத்தில் ஓட்டியவருக்கு மட்டுமே தெரியும். முதல் விபத்து, முதல் வாக்குவாதம், முதல் புகார் வந்த அன்று புதியவர் போய் நிற்பதற்கும் அந்த மூத்தவர்தான் வேண்டும். அமெரிக்காவில் சாண்டா கிளாரா பள்ளத்தாக்குப் போக்குவரத்து நிறுவனமும் தொழிற்சங்கமும் சேர்ந்து புதிய ஓட்டுநர்களுக்கு மூத்தவர்களை வழிகாட்டிகளாக நியமிக்கும் ஏற்பாட்டை நடத்துகின்றன. நிர்வாகம் மட்டும் நியமித்தால் வழிகாட்டியை வேவு பார்ப்பவர் என்று நினைப்பார்கள், சங்கமும் சேர்ந்து நின்றால் நம்புவார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. பயிற்சியாளர்கள் நம் சிறந்த ஓட்டுநர்களிலிருந்துதான் வர வேண்டும். பற்றாக்குறை உச்சத்தில் இருக்கும்போது பத்து நல்ல ஓட்டுநர்களைப் பயிற்சிக்கு அனுப்புவதென்றால் அன்றைக்குப் பத்து டியூட்டி கூடுதலாகக் காலி. எந்த மேலாளருக்கும் மனம் வராது. அதனால்தான் இந்த வழியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். முதல் வழியில் எடுக்கும் சில தயாரான ஓட்டுநர்களுக்கு உண்மையான பயன் இங்கேதான். பயிற்சியாளராகப் போகிறவரின் இடத்தை அவர்கள் நிரப்புவார்கள்.

இன்னொரு தப்பு, ஆண்டுக்கு ஒருமுறை நூறு பேருக்கு ஒரே அறிவிப்பு வெளியிடுவது. அடுத்த ஐந்து வருடத்தில் யார் யார் ஓய்வு பெறுவார்கள் என்பது பதிவேட்டில் தேதியோடு இருக்கிறது. விண்ணப்பத்திலிருந்து தனியாக ஓட்டுவதுவரை ஐந்தாறு மாதம் ஆகும் என்பதும் தெரியும். மாதம் பன்னிரண்டு பேர் கொண்ட சின்ன பேட்ச் எடுத்தால் பயிற்சியாளர்களும் திணறமாட்டார்கள், டிப்போவும் ஒரே நேரத்தில் நூறு புதியவர்களை வைத்துக்கொண்டு திண்டாடாது. விண்ணப்பித்தவரை எட்டு மாதம் காக்கவைத்தால் நல்லவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடத்துநர் ஓட்டுநராக உயரும் பழைய ஏணியையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. பேருந்தை, பயணிகளை, வழித்தடத்தை ஏற்கெனவே அறிந்தவர், நிறுவனத்துக்கும் அவரைத் தெரியும். லண்டனில் நடத்துநர்களோடு ஓடிய ரூட்மாஸ்டர் என்ற இரட்டை மாடி வண்டிகள் 2005 டிசம்பர் 9 அன்று 159ஆம் எண் வழித்தடத்தோடு வழக்கமான சேவையிலிருந்து விடைபெற்றன. நடத்துநரை நீக்கிய நிறுவனங்கள் சம்பளச் சேமிப்பைக் கணக்கில் எழுதின, ஓட்டுநர்கள் வரும் ஒரு வாசல் அடைபட்டதை எங்கும் எழுதவில்லை. இன்று அந்த வாசலை வண்டி கழுவுபவர், டிக்கெட் அலுவலர், பணிமனை உதவியாளர் பக்கமாகத் திறந்துவைக்கலாம்.

நாமே பழக்கும்போது யாரை வேண்டுமானாலும் பழக்கலாம், இதுதான் இந்த வழியின் பெரிய பலம் என்று நினைக்கிறேன். தயாரான ஓட்டுநர்களின் கூட்டம் ஏற்கெனவே யாரையெல்லாம் வெளியே நிறுத்தியதோ, அவர்கள் விளம்பரத்துக்கு வரமாட்டார்கள். லண்டன் டிரான்ஸ்போர்ட்டில் முதல் பெண் பேருந்து ஓட்டுநராக ஜில் வைனர் ஓட்டத் தொடங்கியது 1974இல். முதலாம் உலகப் போரின்போதே பெண்கள் லண்டன் பேருந்துகளில் நடத்துநர்களாக இருந்தார்கள் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். டெல்லியில் 2022இல் பெண் ஓட்டுநர்களுக்கான குறைந்தபட்ச உயரத்தை 159 சென்டிமீட்டரிலிருந்து 153 ஆகக் குறைத்தார்கள். இருக்கையும் பெடலும் சரிசெய்துகொள்ளக்கூடிய வண்டியில் அந்த ஆறு சென்டிமீட்டருக்கு என்ன அவசியம் இருந்தது? இப்படி ஒவ்வொரு விதியையும் எடுத்துக் கேட்க வேண்டும். விதியைத் தளர்த்திவிட்டு முனையத்தில் பூட்டில்லாத, தண்ணீரில்லாத கழிப்பறையை வைத்திருந்தால் பெண்கள் தங்கமாட்டார்கள். காலை 5.15 டியூட்டிக்கு வரப் பேருந்தே இல்லாத நேரத்தில் எப்படி வருவார்கள் என்பதையும் நிறுவனம்தான் யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1963இல் நடந்தது எல்லோருக்கும் பாடம். கறுப்பின, ஆசிய மக்களைப் பேருந்துப் பணிக்கு எடுக்கமாட்டோம் என்று உள்ளூர் நிறுவனம் நின்றது, சங்கத்திலும் அதற்கு ஆதரவு இருந்தது. நான்கு மாதம் மக்கள் அந்தப் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். ஆகஸ்டில் நிறுவனம் பணிந்தது, செப்டம்பரில் ரக்பீர் சிங் நடத்துநராக வேலைக்கு வந்தார். இரண்டு ஆண்டு கழித்து வந்த இன உறவுகள் சட்டத்துக்கு அந்தப் போராட்டமும் ஒரு தூண்டுதல். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் நிறுவனம் தன் வாசலில் யார் நிறுத்தப்படுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் புலம்பட்டும்.

மூன்றாம் வழி: ஒப்பந்தம்

ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால் ஆளெடுக்கும் தலைவலி அவருடையது என்ற எண்ணம் கவர்ச்சியானது. ஆனால் அவரும் இதே ஊரில், இதே ஓட்டுநர்களைத்தான் தேடப்போகிறார். நகரப் பேருந்து நடத்தும் செலவில் பொதுவாக ஆள் செலவுதான் பெரியது. குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்றால் அந்தக் குறைவு எங்கிருந்து வரும்? டீசல் எல்லோருக்கும் ஒரே விலை. சம்பளத்தில்தான், ஓய்வில்தான், பயிற்சியில்தான் கை வைப்பார்.

லண்டனில் 1985இலிருந்து வழித்தடங்களை டெண்டர் விட்டார்கள், 1994இல் பேருந்து நடத்தும் பிரிவுகளையே தனியாருக்கு விற்றார்கள். சேவை ஓடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுநர் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சம்பளம் அடிமட்டத்திலிருந்து தொடங்கும் நிலை இருந்தது. அதைச் சரிசெய்ய, அனுபவத்துக்கேற்ற சம்பளம் கூடவே வரும் ஏற்பாட்டை நகர மேயர் அலுவலகமே 2017இல் கொண்டுவர வேண்டியிருந்தது. சிங்கப்பூர் 2016இல் ஒப்பந்த முறைக்கு மாறியபோது இதை முன்கூட்டியே யோசித்தது. வண்டியும் டிப்போவும் அரசிடமே இருந்தன. புதிதாக வரும் நிறுவனம் பழைய ஊழியர்களுக்கு முன்பைவிடக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வர வேண்டும் என்பது ஒப்பந்தத்தோடு சேர்ந்தே வந்தது.

ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டுமென்றால், ஊதியத்தின் கீழ்வரம்பு, தொடர்ந்து ஓட்டும் நேரத்தின் மேல்வரம்பு, பயிற்சி மணி நேரம், ஒப்பந்தக்காரர் மாறும்போது ஊழியரின் பணிமூப்புத் தொடர்வது ஆகியவை டெண்டரிலேயே இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே தரையில் நின்று விலை கேட்பார்கள். ஓடாத கிலோமீட்டருக்கு அபராதம் மட்டும் போட்டால், களைத்த ஓட்டுநரை இரண்டாவது டியூட்டிக்கு அனுப்ப ஒப்பந்தக்காரருக்கு நாமே காரணம் கொடுத்தது போல ஆகிவிடும். ஆறே மாதத்தில் புதிய டிப்போ திறக்க வேண்டிய கட்டாயம், வண்டியைத் தயாரித்தவரே பல ஆண்டு பராமரிப்பையும் ஏற்கும் ஏற்பாடு மாதிரியான இடங்களில் இந்த வழிக்கு நியாயம் இருக்கிறது. நிரந்தரப் பற்றாக்குறைக்கு மருந்தாக இதை நான் பார்க்கவில்லை.

பணிமனை மெக்கானிக் விஷயம் வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவுக்குள் தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் அனைத்தையும் மின்சார வண்டிகளாக்கியது. அந்தத் திசையில் போகும் எந்த நிறுவனத்துக்கும் உயர் மின்னழுத்தத்தில் பாதுகாப்பாக வேலை செய்யத் தெரிந்தவர் வேண்டும், அப்படிப்பட்டவர் சந்தையில் அரிது. டீசல் இன்ஜினில் கைதேர்ந்தவரையே பயிற்சி கொடுத்து மாற்றுவதுதான் இங்கே வழி. தன் வேலை போய்விடும் என்று அவர் பயந்து விலகுவதற்கு முன்பே பயிற்சித் தேதியைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கே தொடங்குவது?

பற்றாக்குறை நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குள், விட்டுப் போகிறவர்களும் குறைவு என்றால் தயாரான ஆளெடுப்பே போதும், பெரிய ஏற்பாடு வேண்டாம். ஓய்வுபெறும் அலை வரப்போகிறது என்றால் பயிற்சிப் பள்ளியை இன்றே தொடங்க வேண்டும். அலை வந்தபின் தொடங்கினால் ஆறு மாதம் தாமதம். புதியவர்கள் முதல் ஆண்டிலேயே போகிறார்கள் என்றால் சார்ட் திருந்தும்வரை புதிதாக ஆளெடுக்கும் விளம்பரத்தையே நிறுத்திவைக்கலாம் என்பேன்.

உடல்நலத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். லண்டன் பேருந்துப் பணியாளர்களை வைத்து ஜெரி மாரிஸ் குழு 1953இல் வெளியிட்ட ஆய்வு, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களுக்கு, இரட்டை மாடிப் பேருந்தில் மாடிப்படி ஏறி இறங்கும் நடத்துநர்களைவிட இதயநோய் அதிகம் என்று காட்டியது. அதே குழு 1956இல் சீருடை அளவுகளை ஆராய்ந்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது தெரிந்தது. வேலை உடலை மாற்றுகிறது, எப்படிப்பட்ட உடலோடு வேலைக்கு வருகிறார் என்பதும் சேர்ந்துகொள்கிறது. சேரும்போது ஒரு மருத்துவச் சோதனை, பிறகு கண்ணும் காதும் கெட்டபின் இன்னொன்று என்று இருந்தால் ஐம்பது வயதில் நல்ல ஓட்டுநர்களை இழப்போம். ஆண்டுச் சோதனையும், ஓட்ட முடியாமல் போனவருக்கு டைம் கீப்பர், பயிற்சியாளர் மாதிரி மாற்றுப் பணியும் ஆளெடுப்புத் திட்டத்தின் பகுதிகள்தான்.

தொடங்குவதற்கு ஓவர்டைம் அதிகமுள்ள ஒரு டிப்போவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கடந்த இரண்டு ஆண்டில் விட்டுப் போனவர்களை, இப்போது வேறு வேலையில் இருப்பவர்களை, போனில் கூப்பிட்டு எந்த மாதத்தில், எந்த டியூட்டிக்குப் பிறகு முடிவெடுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில்களை வைத்துச் சார்ட்டை எழுதுங்கள், மூத்தவர்களிடம் காட்டுங்கள், திருத்துங்கள். பன்னிரண்டு பேர் கொண்ட முதல் பேட்ச்சுக்கு நியமனக் கடிதம் போகும்போது அவர்களுடைய முதல் மூன்று மாத டியூட்டியும் அந்தக் கடிதத்தோடு இணைந்திருக்கட்டும்.